சோறு ஹலால்தான், சுப்ரா ஹலாலா?

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. பசியைப் படைத்து, பசிக்கு உணவைப் படைத்து, உணவுக்குச் சுவையையும் சுவைக்கு ஓர் எல்லையையும் வகுத்தவன் அவனே. அந்த எல்லை நம் ஊரில் இன்று எங்கே நிற்கிறது என்பதைப் பற்றியே இவ்வாரம் உங்களுடன் சில சொற்கள் பேச விழைகிறோம்.

காரைக்காலிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஸரத், நாங்கள் குடிப்பதில்லை, சூதாடுவதுமில்லை. ஆனால் குடிப்பவர்கள் இருக்கும் மேசையில் அமர்ந்து, அறுத்த ஆட்டிறைச்சியையும் சோற்றையும் மட்டுமே உண்கிறோம். இதில் என்ன குற்றம்?" கேட்பவர்களில் பெரும்பாலோர் தொழுகையாளிகள், நோன்பு பிடிப்பவர்கள். மார்க்கத்தைக் கேலி செய்ய அவர்கள் கேட்பதில்லை. மனத்தில் ஒரு முள் தைத்திருப்பதால்தான் கேட்கிறார்கள். ஆகவே இக்கேள்வியை அதட்டி அனுப்பிவிடாமல், அமர்ந்து ஆராய்ந்து விடை கூறுவது ஆலிம்களின் கடமையாகும்.

நம் ஊரின் நிலை

முதலில் நாம் வாழும் மண்ணை நோக்குவோம். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 முதல் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. சுற்றிலும் தமிழ்நாட்டின் நாகை, மயிலாடுதுறை மாவட்டங்கள், கிழக்கே கடல். ஆனால் நமது மதுச் சட்டம் மட்டும் தனி. எல்லைக்கு அப்பால் சில்லறை மது விற்பனை 2003 முதல் அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இங்கே உரிமம் பெற்ற தனியார் விற்கின்றனர். வரி குறைவு, விலையும் குறைவு. சாராயக் கடைகளும் இங்கே சட்டத்தின் அனுமதியுடனேயே நடக்கின்றன. நாகூரைத் தாண்டி வாஞ்சூரில் கால் வைத்தவுடன் கண்ணில் படுபவை எவை என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதன் விளைவு என்ன? உணவு விடுதியும் மது அருந்தும் கூடமும் ஒரே கூரையின் கீழ் நிற்பது நமக்குப் பழகிப்போயிற்று. கறிச்சோறு உண்ண வருபவரும் கிண்ணம் தேடி வருபவரும் ஒரே வாசலில் நுழைகின்றனர். திருமண வரவேற்புகள் வீட்டு முற்றத்தையும் ஜமாஅத் மண்டபத்தையும் விட்டு விடுதிக் கூடங்களுக்குச் செல்லத் தொடங்கிவிட்டன.

கடல் கடந்து பிழைக்கச் சென்றிருக்கும் நம் பிள்ளைகளின் நிலை இதனினும் கடினம். சிங்கப்பூரில் 2010-இல் இரண்டு பெரும் கேசினோக்கள், அதாவது சூதாட்ட மாளிகைகள், திறக்கப்பட்டன. தன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அங்கே எளிதில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக, நாளொன்றுக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் விதித்த அந்நாட்டு அரசு, 2019-இல் அதனை 150 வெள்ளியாக உயர்த்தியது. குடும்பத்தார் விண்ணப்பித்து, சூதில் வீழ்ந்த தம் உறவினரை உள்ளே விடாமல் தடுக்கவும் அங்கே வழி செய்யப்பட்டுள்ளது. ஆனால் அக்கட்டணம் வெளிநாட்டவருக்கு இல்லை! தன் மக்களுக்கு 150 வெள்ளி வேலி போட்ட கதவு, காரைக்காலிலிருந்து உழைக்கச் சென்ற பிள்ளைக்கு வேலியின்றித் திறந்து கிடக்கிறது. மலேசியாவின் கெந்திங் மலையில் 1971 முதல் நடக்கும் சூதாட்ட மாளிகைக்குள் அந்நாட்டு முஸ்லிம்கள் நுழைவதைச் சட்டமே தடுக்கிறது. மற்ற இடங்களில் நம்மைத் தடுப்பது ஈமான் ஒன்றுதான்.

இது தூரத்துச் செய்தியும் அன்று. 2022 ஜூன் மாதம், சூதாட்டக் கூடம் உள்ள உல்லாசக் கப்பலொன்று சென்னையிலிருந்து புறப்பட்டுப் புதுவைக் கடலுக்கு வந்தபோது, எதிர்ப்பு எழுந்து அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. கொழும்பிலோ, கோவாவின் மாண்டோவி ஆற்றிலோ இத்தகைய இடங்கள் பல ஆண்டுகளாகவே நடக்கின்றன. உள்ளே நுழைந்தவருக்கு வேண்டிய மட்டும் தாமே எடுத்து உண்ணும் பஃபே விருந்து உண்டு. அருகிலேயே மதுவும் உண்டு. "சுற்றிப் பார்க்கத்தான் போனோம்; சாப்பாடு அருமை" என்று ஊர் திரும்பிச் சொல்பவரும் நம்மிடையே இருக்கின்றனர்.

அல்மாயிதா என்னும் பெயர்

இனி மார்க்கம் கூறுவதைக் கேளுங்கள். மதுவையும் சூதையும் ஒருசேர, இறுதியாக, ஐயத்துக்கு இடமின்றி விலக்கிய திருவசனங்கள் எந்த அத்தியாயத்தில் இடம்பெற்றுள்ளன என்பதைச் சற்றே சிந்தித்ததுண்டா? ஐந்தாம் அத்தியாயமாகிய அல்மாயிதாவில், 90, 91 ஆம் வசனங்களில். மாயிதா என்றால் உணவு பரப்பிய விரிப்பு. நம் வீடுகளில் வழங்கும் சொல்லில் கூறினால் சுப்ரா! ஈஸா (அலை) அவர்களின் சீடர்கள் வானிலிருந்து ஓர் உணவு விரிப்பை வேண்டிய வரலாறு அதே அத்தியாயத்தின் இறுதியில் வருவதால் அதற்கு அப்பெயர் அமைந்தது. எந்த அத்தியாயம் சுப்ராவின் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அதே அத்தியாயம்தான் மதுவும் சூதும் ஷைத்தானின் அருவருப்பான செயல்கள் என்றும், அவற்றைக் கொண்டு அவன் உங்களுக்குள் பகைமையையும் வெறுப்பையும் மூட்டி, இறை நினைவையும் தொழுகையையும் விட்டு உங்களைத் தடுக்க நாடுகிறான் என்றும் எச்சரிக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் இதே சொல்லையே ஆண்டார்கள். அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புகிறவர், மது சுற்றி வரும் மாயிதாவில் அமர வேண்டாம் என்ற கருத்துள்ள நபிமொழியை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் அதைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்கள். இதனை ஊன்றிக் கவனியுங்கள். அங்கே தடுக்கப்பட்டது குடிப்பதன்று, அமர்வது. தட்டில் இருப்பது என்ன என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்கவில்லை. சுப்ராவில் சுற்றி வருவது என்ன என்றே கேட்டார்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? உணவு என்பது வயிற்றை நிரப்பும் செயல் மட்டுமன்று. அது ஓர் உறவு. ஒரே சஹனில் நால்வர் கை வைத்து உண்ணும் வழக்கமுடைய நமக்கு இது தெரியாததன்று. ஒன்றாகச் சேர்ந்து, அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுங்கள். அதில் உங்களுக்கு பரக்கத் உண்டாகும் என்று கற்றுத் தந்த மார்க்கம் இது. சேர்ந்து உண்பதில் பரக்கத் இறங்கும் என்றால், எவருடன், எதன் எதிரில் சேர்கிறோம் என்பதற்கும் கணக்கு உண்டன்றோ? அமர்ந்திருப்பவன் வாய் திறந்து எதையும் ஆதரிக்க வேண்டியதில்லை. அவன் அமர்ந்திருப்பதே ஆதரவாகும். எதிரில் கிண்ணம் வைத்திருப்பவருக்கு அது தெம்பு தருகிறது. அருகில் இருக்கும் மகனுக்கு அது பாடம் ஆகிறது.

இறைவசனங்கள் பரிகசிக்கப்படும் சபையில், அவர்கள் வேறு பேச்சுக்கு மாறும் வரை அமராதீர்கள். அமர்ந்தால் நீங்களும் அவர்களைப் போன்றவர்களே என்ற கருத்தை அந்நிஸா அத்தியாயத்தின் 140 ஆம் வசனம் கூறுகிறது. கலீஃபா உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சியில், மது அருந்திய கூட்டமொன்று பிடித்து வரப்பட்டது. அவர்களுள் ஒருவரைச் சுட்டி, இவர் நோன்பாளி, குடிக்கவில்லை என்று கூறினார்கள். கலீஃபா அவர்கள் இந்த வசனத்தையே ஓதிக் காட்டி, அவரையும் தண்டனையிலிருந்து விடவில்லை என விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். நோன்பு நோற்றிருந்தும் அமர்வு அவரைக் குற்றத்தில் சேர்த்துவிட்டது. நம் தட்டில் உள்ள பிரியாணி நம்மைக் காப்பாற்றிவிடும் என்று எப்படித் துணிவது?

சூதுக்களத்துச் சோறு

கேசினோ விருந்தின் கதை இன்னும் ஆழமானது. அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் 1940-களில் சூதாட்ட விடுதியொன்று, ஒரு டாலருக்கு வேண்டிய மட்டும் உண்ணலாம் என்று விருந்து வைத்தது. நோக்கம் பசி தீர்ப்பதன்று. நள்ளிரவில் ஆட்டக்காரர் பசியெடுத்து வெளியே போய்விட்டால் ஆட்டம் நின்றுவிடும். அவரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். உணவில் நட்டம் வந்தாலும் ஆட்டத்தில் வந்துவிடும். பின்னர் உலகெங்கும் சூதாட்ட மாளிகைகள் இந்த வழியைப் பின்பற்றின. ஆகவே அங்கே மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கும் சோற்றுக்கு விலை கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் பக்கத்துக் கூடத்தில், மாதச் சம்பளத்தைத் தோற்றுவிட்டு எழுந்து போனவர்.

இது புதிய தந்திரம் என்று எண்ண வேண்டாம். அறியாமைக் காலத்து அரபியர் ஆடிய சூதாட்டமாகிய மைஸிர் எப்படி நடந்தது தெரியுமா? கொழுத்த ஒட்டகமொன்றை அறுத்து இறைச்சியைக் கூறு போடுவார்கள். ஒரு பையில் பத்து அம்புகள். அவற்றுள் ஏழுக்கு இன்ன பங்கு என்று குறி உண்டு. மூன்று வெறும் அம்புகள். குறி உள்ள அம்பு எவர் பெயருக்கு வருகிறதோ அவர் இறைச்சியை வெல்வார். வெறும் அம்பு வந்தவர் ஒட்டகத்தின் விலையைக் கட்ட வேண்டும். வென்றவர் அந்த இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குப் பகிர்ந்தளிப்பதையே பெருமையாகக் கருதினர். ஆட்டத்தில் சேராதவரைக் கஞ்சர் என இகழ்ந்தனர். பஞ்ச காலத்தில் பசித்த குடும்பங்கள் அந்த இறைச்சியை எதிர்பார்த்திருந்தன.

ஆம்! அன்றைய சூதே ஒரு விருந்துதான். அதுவும் ஏழைக்குச் சோறு போட்ட விருந்து! அல்பகரா அத்தியாயத்தின் 219 ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று தீர்ப்புக் கூறியது. சூதின் பயன் என்பது ஏழைகளுக்குக் கிடைத்த அந்த இறைச்சியே என விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். பசித்த ஏழையின் வயிற்றை நிரப்பியபோதே சூதை அனுமதிக்காத மார்க்கம், விடுமுறையில் சுற்றிப் பார்க்கச் சென்ற வசதியாளரின் நாவுச் சுவைக்காகவா அதை அனுமதிக்கும்?

அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் பேணுதலை நினைவு கூருங்கள். அவர்களுடைய பணியாளர் கொண்டு வந்த உணவை ஒருநாள் உண்டார்கள். அது அறியாமைக் காலத்தில் தாம் பொய்யாகக் குறி சொன்னதற்குக் கிடைத்த கூலி என்று அவர் கூறியதும், விரலைத் தொண்டையில் விட்டு, உண்டதனைத்தையும் வாந்தியெடுத்தார்கள். இது புகாரி ஷரீஃபில் உள்ள செய்தி. அந்த உணவும் தன்னளவில் தூய்மையான உணவே. அது வந்த வழிதான் அவர்களின் வயிற்றில் அதைத் தங்க விடவில்லை. நெடும் பயணம் செய்து, தலை கலைந்து, புழுதி படிந்து, இரு கைகளையும் ஏந்தி, இறைவா, இறைவா என்று மன்றாடும் மனிதரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டு, அவருடைய உணவும் பானமும் உடையும் ஹராமாக இருக்க, அவருடைய துஆ எவ்வாறு ஏற்கப்படும் என்று வினவியதை முஸ்லிம் ஷரீஃபில் காண்கிறோம். கடல் கடந்த பிள்ளைக்காக இங்கே தாய் தஹஜ்ஜுதில் கையேந்துகிறாள். அங்கே அந்தப் பிள்ளை எந்த மேசையில் கை நனைக்கிறான் என்பதை அவன்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தம் புட்டியைத் தாமே கொண்டுவருதல்

மற்றுமொரு சமாதானம் இப்போது கேட்கிறது. "விருந்து கொடுப்பவர் மது வாங்கவில்லை, ஊற்றவும் இல்லை. வேண்டுபவர் தம் புட்டியைத் தாமே கொண்டு வந்து, பின்னறையில் வைத்துக்கொள்கிறார். விருந்து கொடுப்பவருக்கு இதில் என்ன பொறுப்பு?" மேலைநாட்டு உணவகங்கள் சிலவற்றில், வாடிக்கையாளர் தம் ஒயினைத் தாமே கொண்டு வந்து, அதைத் திறந்து ஊற்றித் தருவதற்கு மட்டும் கட்டணம் செலுத்தும் வழக்கம் இருக்கிறது. நம் ஊரில் அது கடையில் வாங்கிய புட்டியைப் பையில் மறைத்துத் திருமண மண்டபத்து மாடியறைக்குக் கொண்டுபோகும் வழக்கமாகத் தலைகாட்டுகிறது.

மது தொடர்பாகப் பத்துப் பேரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் வந்துள்ளது. பிழிபவர், பிழியச் சொல்பவர், குடிப்பவர், சுமந்து செல்பவர், எவரிடம் சுமந்து செல்லப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர், வாங்குபவர், எவருக்காக வாங்கப்படுகிறதோ அவர். இந்தப் பட்டியலில் குடிப்பவர் ஒருவர்தான். மற்ற ஒன்பதும் குடிப்பவரைச் சுற்றியுள்ள கைகள். கொண்டு வருபவருக்கும் இடமுண்டு; எவரிடம் கொண்டு வரப்படுகிறதோ அவருக்கும் இடமுண்டு. பின்னறையின் சாவியைக் கொடுத்துவிட்டு, நான் ஊற்றவில்லை என்று கூறும் வீட்டுக்காரர், இப்பட்டியலைப் பார்த்துத் தம் நிலையைத் தாமே முடிவு செய்துகொள்ளட்டும்.

மதுவிலக்கு வசனம் இறங்கிய நாளில் மதீனாவில் நடந்ததைக் கேளுங்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் தோழர்கள் கூடியிருந்தனர். அப்போது இளைஞராயிருந்த அனஸ் (ரலி) அவர்கள்தாம் ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மது விலக்கப்பட்டுவிட்டது என்று அறிவிப்பாளர் கூவும் குரல் தெருவில் கேட்டது. அதைக் கொட்டிவிடு என்றார்கள் அபூதல்ஹா (ரலி) அவர்கள். அன்று மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. கையிலிருப்பதை முடித்துவிட்டு நாளை முதல் நிறுத்துவோம் என்றோ, விருந்தினர் மனம் புண்படுமே என்றோ எவரும் சொன்னதாக வரலாறு இல்லை. அந்த வீட்டுச் சுப்ரா அக்கணமே தூய்மையாயிற்று.

சட்டத்தின் எல்லைகள்

"அப்படியானால் மது விற்கும் ஊரில் எங்கேயுமே உண்ணக் கூடாதா? அழைப்பை எல்லாம் மறுத்துவிடுவதா?" என்று நீங்கள் கேட்கக் கூடும். மார்க்கம் எதையும் அளவின்றி இறுக்குவதில்லை. ஃபிக்ஹ் சட்ட வல்லுநர்கள் இதனைப் பிரித்துப் பிரித்தே விளக்கியுள்ளனர்.

மது வைக்கப்பட்டுள்ள அதே மேசையில், அதே விரிப்பில் அமர்வது கூடாது. இதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே வேறுபாடு இல்லை. திருமண வலீமாவின் அழைப்பை ஏற்பது ஷாஃபிஈ மத்ஹபில் கடமை. ஆயினும் அங்கே மது போன்ற தீமை இருப்பது முன்னரே தெரிந்தால் அக்கடமை நீங்கிவிடும். தாம் சென்றால் அத்தீமை அகலும் என்ற நிலையில் உள்ளவர் மட்டும் சென்று அதை அகற்ற வேண்டும். தெரியாமல் சென்றுவிட்டவர் மென்மையாக எடுத்துரைக்க வேண்டும். கேட்கவில்லையானால் எழுந்து வந்துவிட வேண்டும்.

ஹனஃபீ நூலான ஹிதாயா கூறும் விளக்கமும் இதனை ஒத்ததே. முன்னரே தெரிந்திருந்தால் செல்லலாகாது. சென்ற பிறகு தெரிய வந்து, தீமை உண்ணும் விரிப்பிலேயே இருந்தால் அமரலாகாது. வீட்டின் வேறொரு பக்கத்தில் இருந்து, தடுக்கும் வலிமையும் இல்லையென்றால், பொதுமக்களுள் ஒருவர் பொறுத்து உண்டு வரலாம்; ஆனால் மக்கள் பின்பற்றும் நிலையில் உள்ளவர் அங்கே இருக்கவே கூடாது. இமாமும் முத்தவல்லியும் ஜமாஅத் தலைவரும் இந்த இறுதி வாசகத்தை மனத்தில் பதித்துக்கொள்வார்களாக! அவர்களுடைய ஒரு புகைப்படம் போதும், ஊர் அதை ஃபத்வாவாக எடுத்துக்கொள்ள.

பயணத்தில் பசித்தவர், மதுக்கூடம் தனியாகவும் உணவறை தனியாகவும் உள்ள விடுதியன்றி வேறிடம் காணவில்லை என்றால், மது வராத மேசையில் ஹலாலான உணவை உண்பது மேற்கூறிய தடையில் அடங்காது. வேறு இடம் இருக்கும்போது அதை நாடுவதே பேணுதல். சிங்கப்பூரில் சூதாட்ட மாளிகையுடன் ஒரே வளாகத்தில் மாநாட்டுக் கூடங்களும் உணவகங்களும் தனி வாசல்களுடன் உள்ளன. வேலை செய்யும் நிறுவனம் அங்கே ஒரு கூடத்தில் விருந்து வைத்தால், அது சூதாட்டத் தளத்தில் உண்பதற்கு ஒப்பாகாது. மது வராத மேசையைக் கேட்டுப் பெற்று அமரலாம். கேட்பதில் நாணம் வேண்டாம். நீங்கள் முஸ்லிம் என்பதை அறிந்த மேலதிகாரி அதை மதிப்பாரேயன்றி வெறுக்கமாட்டார். ஆனால் சூதாட்டத் தளத்துக்குள்ளேயே நுழைந்து, ஆட்டத்துக்காக விரிக்கப்பட்ட விருந்தில் உண்பதற்கு வழி காட்ட எந்த நூலையும் நாம் காணவில்லை.

மாற்றுச் சமயத்து நண்பரும் அயலாரும் அழைத்தால், மது இல்லாத அவர்களின் விருந்துக்கு ஹலாலானதை உண்ணும் நிபந்தனையோடு மனமுவந்து செல்லுங்கள். இவ்வூரில் தலைமுறை தலைமுறையாக நாம் அண்ணன் தம்பியாகப் பழகி வருகிறோம். அவர்களின் திருமணப் பந்தியில் வாழையிலைச் சாப்பாடு கண்ணியமாகவே பரிமாறப்படுகிறது. கிண்ணத்தைக் கொண்டு வருவது அயல் சமயம் அன்று, பகட்டுதான். அந்தப் பகட்டு நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது என்பதே நம் கவலை.

நம் வீட்டு விருந்து

அபூஅய்யூப் அன்சாரீ (ரலி) அவர்கள் ஒரு திருமண விருந்துக்கு அழைக்கப்பட்டார்கள். அழைத்தவரோ நபிவழியைப் பின்பற்றுவதில் புகழ் பெற்ற இப்னு உமர் (ரலி). வீட்டுச் சுவரில் அலங்காரத் திரை தொங்குவதை அபூஅய்யூப் (ரலி) அவர்கள் கண்டார்கள். பெண்கள் எங்களை மிகைத்துவிட்டார்கள் என்று இப்னு உமர் (ரலி) வருந்திக் கூறினார்கள். உங்களைப் பற்றி நான் இவ்வாறு அஞ்சியதில்லையே என்று சொல்லி, உண்ணாமலே திரும்பினார்கள் அந்தப் பெருந்தகை. சுவரில் ஒரு திரைக்காக! அதுவும் யாருடைய வீட்டில்! இன்று நம் பெரியவர்கள், சம்பந்தி மனம் நோகும், வெளிநாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பர் என்று அஞ்சி, மாடியறைப் புட்டிகளைக் காணாததுபோல் இருந்துவிடுகிறார்கள்.

நம் முன்னோர் ஒயின் குடிப்பதை நாகரிகமாகக் கொண்ட பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள். காரைக்காலிலிருந்தும் நாகூரிலிருந்தும் கப்பலேறி, சைகோன் வரை சென்று வணிகம் செய்தவர்கள். அந்நிய மண்ணில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல் சைகோன் நகரின் நடுவே இன்றும் நிற்கிறது. ஊர் பெயர்ந்தபோதும் அவர்கள் தேடியது தொழ ஓரிடம். கூடி உண்ண ஒரு தூய விரிப்பு. அவர்கள் நமக்கு விட்டுச் சென்றது நெய்ச்சோறும் அஞ்சுகறிச் சோறும் சஹனும் சுப்ராவும். அவற்றில் எது குறைந்துவிட்டதென்று விடுதிக் கூடத்தைத் தேடிப் போகிறோம்?

ஆகவே அன்பர்களே, சில வேண்டுகோள்கள். திருமணத்துக்கு மண்டபம் பேசும்போது வாடகையைக் கேட்பதற்கு முன், அங்கே மது அனுமதிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். அழைப்பிதழ் கொடுக்கும்போதே, இது வலீமா, இங்கே மதுவுக்கு இடமில்லை என்று உறவினரிடம் இனிய சொல்லால் தெரிவித்துவிடுங்கள். முன்கூட்டிச் சொல்வது எவரையும் அவமதிப்பதாகாது. பந்தியில் வைத்துத் தடுப்பதே மனத்தாங்கலுக்கு வழி. நிக்காஹ் பதிவு செய்யும் ஜமாஅத்துகள் இதனை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். குடிப்பழக்கத்தில் வீழ்ந்த உறவினரைத் துண்டித்துவிடாதீர்கள். அவருடைய மேசைக்கு நாம் செல்லலாகாது என்பதற்காக, நம் சுப்ராவுக்கு அவரை அழைக்காமல் இருந்துவிடக் கூடாது. மது இல்லாத ஒரு வேளைச் சோறு அவருக்கும் மருந்தாகலாம்.

விருந்தைப் பெரிதாக்க எண்ணுபவர்களுக்கும் ஒரு சொல். செல்வந்தர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் தீயது என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். விடுதிக் கூடத்தில் தட்டொன்றுக்குக் கொடுக்கும் தொகையில், நம் தெருவில் எத்தனை பேருக்குச் சஹன் வைக்கலாம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மைஸிரின் வழியாக ஏழைக்கு வந்த இறைச்சியை மூடிய மார்க்கம், ஜகாத், ஸதக்கா, வலீமா, குர்பானி, அகீகா என்று எத்தனையோ வாசல்களைத் திறந்து வைத்துள்ளது. தோற்றவனின் கண்ணீர் கலவாத சோறு அந்த வாசல்களில்தான் வரும்.

வயிற்றுக்குள் போவதை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், வயிறு எங்கே போய் அமர்கிறது என்பதையும் பார்ப்போமாக. நாளை மறுமையில், என்ன உண்டாய் என்ற கேள்வியோடு, எங்கே அமர்ந்தாய், யாருக்குத் துணையாய் இருந்தாய் என்ற கேள்வியும் வரும்.

யா அல்லாஹ்! எங்கள் உணவைத் தூய்மையாக்குவாயாக! எங்கள் வீடுகளிலும் கடல் கடந்து உழைக்கும் எங்கள் பிள்ளைகளின் உறைவிடங்களிலும் பரக்கத்தை இறக்குவாயாக! மதுவும் சூதும் சூழ்ந்த இம்மண்ணில் எங்கள் சுப்ராக்களை அவற்றினின்றும் காத்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.